கறுப்புப் பெட்டியைத் திறந்த விவரம்

கொல்லம் 1103-ம் ஆண்டு மாசி மாதம் 11-ந் தேதி, காலை பத்து மணி, திருவட்டாறு போலீஸ் ஸ்டேஷன். நாகர்கோவிலில் படக்கடை நடத்தும் செல்வதாஸ் என்பவர் கொடுத்த புகாரின் பேரில், எதிரி தாணுலிங்கத்தை இன்ஸ்பெக்டர் விசாரித்தபோது அவர் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதிக்கொண்டது.

என் பெயர் தாணுலிங்கம். தகப்பனார் பெயர் அய்யம்பெருமாள், காலமாகிவிட்டார். எனக்கு வயது நாற்பத்து மூன்றோ நாற்பத்து நான்கோ இருக்கும். திருவட்டாறு கோயிலுக்கு வடக்கே ஆற்றங்கரையோரம் குடியிருக்கிறேன். காவடிச் சுமை தூக்குவது தொழில். அதாவது தோளில் கமுகந்தடியை வைத்து, அதன் இரண்டு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டு நடப்பது. இருபத்தைந்து வருஷமாக இதே தொழில். மண்பானை, கருப்பட்டி, கல்யாண வீட்டுப் பாத்திரம், கோவிலுக்கு எண்ணெய், எதைக் கொடுத்தாலும் கொண்டு சேர்த்திருக்கிறேன். ஒரு பானையில் கீறல் விழுந்தது என்று யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. மனைவி பெயர் நாகம்மை. ஒரே மகள் பூங்கனி. இதற்கு முன் எந்த வழக்கிலும் பட்டதில்லை.

என்மேல் சொல்லப்பட்ட குற்றம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. விரோதத்தால் வேண்டுமென்றே பெட்டியைத் திறந்து, செல்வதாஸ் ஐயா பிடித்த முப்பத்தாறு படங்களையும் கெடுத்தேன் என்பது குற்றம். பெட்டியைத் திறந்தது நான்தான். முதல் நாளிலிருந்தே அதை மறுக்கவில்லை. விரோதத்தால் என்பது பொய். அந்த முப்பத்தாறில் ஒன்று என் மகளுடைய படம். அவள் இப்போது இலங்கையில் இருக்கிறாள், இனி எப்போது வருவாளோ தெரியாது. பெற்ற மகளுடைய முகத்தை எவனாவது விரோதத்தால் அழிப்பானா? இதையும் பத்து நாளைக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

முதலிலிருந்து வரிசையாகச் சொல்லும்படி இன்ஸ்பெக்டர் எஜமான் சொன்னதால் சொல்கிறேன். தை மாதம் 14-ந் தேதி காலையில் செல்வதாஸ் ஐயா என் வீட்டுக்கு வந்தார். மலையில் ஒரு தோட்டத் துரைக்கு அருவியும் காடும் ரப்பர்த் தோட்டமும் படமாக வேண்டுமாம், அதைத் தம் நாட்டுக்கு அனுப்பப் போகிறாராம். பேச்சிப்பாறையிலிருந்து மலை வழியாக நடந்து கீரிப்பாறை போய், அங்கிருந்து நாகர்கோவிலுக்கு இறங்க வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார். கூடாரத்தையும் அரிசியையும் சட்டியையும் சுமக்க வைகுண்டராஜன் என்பவரை ஏற்கெனவே பேசியிருந்தார். படம் பிடிக்கும் சாமான் மட்டும் எனக்கு.

கீரிப்பாறை என்றதும் நாகம்மை உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். எங்கள் மகளை அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். அவர்கள் இருவரும் இலங்கைத் தோட்டத்துக்குப் பெயர் கொடுத்து, மாசி 3-ந் தேதி தூத்துக்குடியில் கப்பலேறுவதாக இருந்தது. கங்காணி அவளை ஊருக்கு வர விடவில்லை. நாகம்மைக்கு இடது கால் யானைக்கால். கிணற்றடிக்குப் போய் வருவதே அவளுக்குப் பெரும்பாடு. மகளைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எனக்க காலு விடல்ல. நீங்க போறீயள்லா, பிள்ளைக்க முகத்தையாவது படத்துல பிடிச்சுக் கொண்டாருங்கோ." அதற்காகத்தான் இந்தச் சுமையை ஒத்துக்கொண்டேன். அது இல்லாவிட்டால் பத்து நாள் அட்டைக்காட்டில் நடக்க எனக்கு என்ன பைத்தியமா?

அதன் பிறகு அன்று மத்தியானம் சுமை கட்டினோம். கேமராப் பெட்டி ஒன்று, அதை நிறுத்தும் முக்காலி ஒன்று, பழுப்புப் பெட்டி ஒன்று, கறுப்புப் பெட்டி ஒன்று, இன்னும் சில்லறைச் சாமான்கள். பழுப்புப் பெட்டிக்குள் கண்ணாடித் தகடுகள் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு பொட்டலம் இருந்தன. ஒவ்வொரு பொட்டலமும் பத்து ராத்தலுக்குக் குறையாது. கறுப்புப் பெட்டி அப்போது காலி, அதன் பக்கம் கேமரா தொங்கியது. கேமராவையும் சில்லறைச் சாமான்களையும் தொடவே கூடாது, அவர் வைத்த இடத்தை மாற்றக் கூடாது என்று ஐயா கண்டிப்பாகச் சொன்னார். பெட்டிகளைக் காட்டிச் சொன்னது, "வே, இது கண்ணாடியாக்கும். உடைஞ்சுதுன்னா போச்சு" என்பது மட்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடையாமல் கொண்டு வருவது என் பொறுப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று நான் கட்டியபோது தடி சமமாக நின்றது. வைகுண்டராஜனும் பார்த்தார்.

அதன் பிறகு காட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சுமைகாரனுக்கு நடை ஒன்று விழுந்துவிட்டால் அப்படியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். சாலையாக இருந்தால் சுமைதாங்கிக் கல் இருக்கும், நின்றபடியே சுமையை இறக்கலாம். காட்டில் அது ஏது? ஐயா பத்து அடிக்கு ஒருதரம் "இறக்கும், இறக்கும், வெளிச்சம் நல்லா விழுகு" என்பார். நான் முழங்கால் போட்டு இறக்கி, ஏழு முடிச்சை அவிழ்த்து, முக்காலியை விரித்து நிறுத்துவேன். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார். ஒரு மேகத்துக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பார். பிறகு, "சரிப்படல்ல, சுமையைக் கெட்டும்" என்பார். மறுபடியும் ஏழு முடிச்சு. ஒரு நாளில் பதினெட்டு தடவை இறக்கி ஏற்றினேன். ஒரு பெரிய மரத்தின் பக்கத்தில் என்னை நிற்க வைத்து, மரத்தின் உயரம் தெரிவதற்காக மூச்சு விடாமல் நில் என்றார். காலில் அட்டை ஏறுகிறது, குனியக் கூடாதாம். அந்த அட்டையும் படத்தில் விழுந்திருக்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. அவர் பழுப்புப் பெட்டியிலிருந்து தகடு எடுத்துப் படம் பிடிப்பார், பிடித்த தகடு கறுப்புப் பெட்டிக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் கனம் குறைந்து மறுபக்கம் ஏறிக்கொண்டே வந்தது. காலையில் நான் சமமாகக் கட்டிய தடி மாலையில் சாய்ந்து நிற்கும். நல்ல பாதையில் தோளைச் சற்றுத் தள்ளி வைத்துச் சமாளிக்கலாம். மேட்டிலும் பள்ளத்திலும் அது நடக்காது, ஆளையே சாய்த்துவிடும். கேமராவை மாற்றி வைக்கலாம் என்றால் தொடக் கூடாது. அதனால் பழுப்புப் பெட்டியில் காலியான இடத்தில் ஆற்றுக் கல் பொறுக்கி, துணியில் சுற்றி வைத்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. சுமைக்கு மேலே சுமையாகக் கல்லையும் சேர்த்துச் சுமந்தது அவருடைய கண்ணாடி உடையக் கூடாது என்பதற்காக.

ஆறாம் நாள் காலையில் அவர் அந்தக் கற்களைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் வீசினார். "என்னவே இது, எனக்க பெட்டிக்குள்ள கல்லு? கேலி பண்ணுகீரா?" என்று கேட்டார். தடி சாய்கிறது, அதற்காக வைத்தேன் என்று நான் சொன்னேன். "சுமக்கத் தெரியல்லேன்னா தெரியல்லேன்னு சொல்லும். கல்லும் வேண்டாம், கட்டியும் வேண்டாம்" என்றார். எனக்குச் சுமக்கத் தெரியாதாம். இருபத்தைந்து வருஷத்தில் அந்தச் சொல்லை என்னிடம் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான். "இனி ஒரு வார்த்தை பேசினீருன்னா, இந்தச் சவத்துப் பெட்டியை ஆத்துல தூக்கி எறிஞ்சிட்டு நான் எனக்க பாட்டுக்குப் போவேன், பாத்துக்கிடும்" என்று சொன்னேன். வைகுண்டராஜன் கேட்டதாகச் சொன்னது இதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை, நான் சொன்னேன். அன்று முழுவதும் ஒவ்வொரு ஓடையைக் கடக்கும்போதும் எறிந்துவிடலாமா என்று நினைத்ததும் உண்டு. நினைத்ததற்கும் தண்டனை உண்டென்றால் அதைக் கொடுக்கட்டும்.

தகட்டில் வெளிச்சம் படக் கூடாது என்பது உனக்குத் தெரியாதா என்று இன்ஸ்பெக்டர் எஜமான் கேட்டதற்குச் சொல்வது: தெரியாது. மாலையில் இருட்டியதும் ஐயா கூடாரத்துக்குள் போய், கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, சிவப்புக் கண்ணாடி போட்ட சிறு விளக்குடன் குனிந்து இருப்பார். உள்ளே முணுமுணுப்பு கேட்கும். முதல் நாள் நான் என்னவென்று எட்டிப் பார்க்கப் போனேன். வைகுண்டராஜன் என் கையைப் பிடித்து, "சத்தம் போடாதியும், அவியளுக்க ஜெபமாக்கும்" என்றார். ஐயா வேதக்காரர், மாலையில் ஜெபம் செய்வது அவர்களுக்கு உள்ளதுதான். ஒருவர் சாமி கும்பிடும்போது போய், என்ன செய்கிறீர் என்று கேட்பது முறையா? பத்து நாளும் அந்தப் பக்கமே நான் போகவில்லை. அவர் உள்ளே இருந்துகொண்டு தகடு மாற்றினார், எண்ணிக்கையை முணுமுணுத்தார் என்பது இந்த ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். வெளிச்சம் ஆகாது என்பது உலகத்துக்கே தெரியும் என்று ஐயா இங்கே வந்து சொன்னாராம். உலகத்துக்குத் தெரிந்ததை எனக்கும் ஒரு வாய் சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

அதன் பிறகு தை 22-ந் தேதி கீரிப்பாறையில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சண்டை நடந்து இரண்டு நாள் ஆகியும் நானும் ஐயாவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் நாகம்மைக்காக நான் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். துரையின் கணக்கில் ஒரு தகடு குறையும் என்றார். பிறகு, "போட்டும், பிள்ளையை விளியும்" என்றார். பூங்கனி வெட்டு முடித்து, பால் வாளியோடு வந்தாள். முகத்தைக் கழுவச் சொல்லி, லயத்து வாசலில் வெயிலில் நிற்க வைத்தார். அவள் இளைத்திருந்தாள். "அப்பா, இதுல எனக்க மூக்குத்தி அம்மைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். ஐயாவே, "தெரியும் மக்கா, அசையாம நில்லு" என்றார். அவள் அசையவில்லை. பிறகு எங்களுக்குக் கட்டன்காப்பி போட்டுக் கொடுத்தாள். விடிந்ததும் நாங்கள் புறப்பட்டோம்.

23-ந் தேதி காலை ஒன்பது மணி இருக்கும், மலையிலிருந்து இறங்கும் வழியில் ஓர் ஆறு குறுக்கிட்டது. அதன் மேல் ஒற்றை மரம் போட்டிருந்தார்கள். பாசி பிடித்து வழுக்கிற மரம். ஐயாவும் வைகுண்டராஜனும் முதலில் கடந்து, அக்கரையில் கூடாரத்துணியை உலர்த்த மேடான இடம் பார்த்து மேலே போய்விட்டார்கள். நான் இக்கரையில் தனியாக இருந்தேன். கறுப்புப் பெட்டியில் அப்போது மூன்று பொட்டலம் நிறைந்திருந்தது, பழுப்பில் ஒன்றுதான் மிச்சம். தடி நிற்கவே இல்லை. கல் வைக்கக் கூடாது என்று கட்டளை. அப்படியே மரத்தில் கால் வைத்தால் நடு ஆற்றில் நானும் கண்ணாடியும் ஒன்றாகக் கிடப்போம். அதனால் சுமையை இறக்கி, கறுப்புப் பெட்டியின் வாரை அவிழ்த்து, மூன்று பொட்டலத்தையும் எடுத்துப் பழுப்புப் பெட்டியில் வைத்தேன். தடி சமமாயிற்று. பொட்டலங்களைப் பிரித்து, தகடுகளுக்கு இடையில் காய்ந்த புல் வைத்து மறுபடியும் கட்டினேன். பானை கட்டும்போது அப்படித்தான் செய்வோம். அதன் பிறகு ஆற்றைக் கடந்தேன். ஒரு தகடு உடையவில்லை, ஒரு தகட்டில் கீறல் இல்லை.

24-ந் தேதி மாலை நாகர்கோவில் கடையில் சுமையை இறக்கினேன். 26-ந் தேதி ஐயா ஆள் அனுப்பினார். போனேன். கையில் ஒரு தகட்டை வைத்துக்கொண்டு நின்றார், அது அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. எல்லாமே இப்படித்தான் என்றார். பெட்டியைத் திறந்தீரா என்று கேட்டார், திறந்தேன் என்றேன். புல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார், நான்தான் வைத்தேன் என்றேன். அவர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். நானும் விவரம் புரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு அவர் காலைப் பிடித்தேன். கப்பலுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, ஒரே ஒரு தகடு மட்டும் எடுத்துக்கொண்டு வாரும், கேமராவை நான் தலையில் சுமக்கிறேன், இரவும் பகலும் நடக்கிறேன் என்று கெஞ்சினேன். "உம்மை எனக்க சாமானைத் தொட விடுவேன்னு நெனைச்சீரா? துரைக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்றார். மறுநாள் புகார் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து மாலை வரை உட்கார வேண்டும் என்று உத்தரவாயிற்று. மகள் கப்பலேறுகிறாள், போய் வழியனுப்பிவிட்டு வருகிறேன் என்று ஏட்டு எஜமானிடம் இரண்டு தடவை கேட்டேன். விசாரணை முடியட்டும் என்றார். ஒரு விசாரணையும் நடக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசி 3-ந் தேதியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனால் நாகம்மை, படம் கழுவிவிட்டார்களா என்று கேட்கிறாள். இன்னும் இல்லை என்று சொல்லி வருகிறேன்.

நேற்று ஏட்டு எஜமான் ஒரு யோசனை சொன்னார். சண்டையில் வந்த கோபத்தில் பெட்டியைத் திறந்துவிட்டேன் என்று எழுதிக் கைநாட்டு வைத்தால், செல்வதாஸ் ஐயா அந்தத் தாளைத் துரையிடம் காட்டித் தம் மேல் தவறில்லை என்று தப்பித்துக்கொள்வாராம். புகாரையும் திரும்பப் பெற்றுக்கொள்வாராம். நான் வீட்டுக்குப் போகலாம். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. பதினெட்டு தடவை இறக்கியதற்குக் கோபம், கல்லை வீசியதற்குக் கோபம், சுமக்கத் தெரியாது என்றதற்குக் கோபம். அத்தனையையும் எழுதிக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு கையாலும் நாட்டு வைக்கிறேன். பெட்டியைத் திறந்தது மட்டும் கோபத்தில் இல்லை. அப்படி எழுதினால் அது ஊரில் நாலு பேர் வாயில் விழுந்து நாகம்மை காதுக்குப் போகும். பிள்ளையின் முகத்தை ரோஷத்தில் அழித்தவனோடு அவள் எப்படிக் குடியிருப்பாள்?

இதன் பேரில் இன்ஸ்பெக்டர் எஜமான் ஒரு கேள்வி கேட்டார். பொட்டலங்களை மாற்றியதுமே தடி சமமாகிவிட்டது என்கிறாய். பொட்டலம் கறுப்புக் காகிதத்தோடு அப்படியே இருந்திருந்தால் ஒரு படமும் கெட்டிருக்காது. எட்டு நாள் புல் இல்லாமல் வந்த தகடுக்கு அன்று மட்டும் புல் எதற்கு? மூன்று பொட்டலத்தையும் எதற்காகப் பிரித்தாய்? பானைக்கு வைக்கிற பழக்கத்தில் வைத்தேன் என்று முதலில் சொன்னேன். உள்ளதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. எஜமான் மறுபடியும் கேட்டார். சொல்லாவிட்டால் கோபத்தில் செய்ததாகத்தான் எழுத வேண்டிவரும் என்றார்.

சொல்கிறேன். புல் வைத்தது பிரித்த பிறகுதான். பிரித்தது பூங்கனியைப் பார்ப்பதற்காக. முந்தின நாள் கண்ணெதிரே பிடித்த படம், உள்ளே இருக்கும் என்று நினைத்தேன். நாகம்மையிடம் கொடுக்கும்முன் மூக்குத்தி தெரிகிறதா என்று ஒரு தடவை பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். முதல் தகட்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பால் ஆடை போல வெளுத்திருந்தது, ஒன்றும் இல்லை. இது வேறு தகடு போலிருக்கிறது என்று அடுத்ததை எடுத்தேன். அதிலும் இல்லை. இப்படி ஒன்றுவிடாமல் முப்பத்தாறையும் துண்டால் துடைத்து, சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தேடினேன். அதில் ஏதோ ஒன்றில் அவள் இருந்திருக்கிறாள். நான் தேடாமல் இருந்திருந்தால் இப்போது நாகம்மையின் கையில் இருப்பாள்.

எழுதியதை ரைட்டர் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை, மறைத்ததையும் கடைசியில் சொல்லிவிட்டேன். யாரும் அடித்தோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. எழுத்து அறியாததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

தாணுலிங்கம், இடது பெருவிரல் ரேகை.